ஈயச் சிப்பாய்களும் நம் தீவுகளும்

சென்ற ஆண்டு ஆடி மாதம் எமது ஒன்றுவிட்ட தமையனாரின் மகன் இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வேலணைக்கு வந்திருந்தான். பதினான்கு வயதுப் பையன். வந்த மறுநாளே திண்ணையிற் பாய் விரித்துத் தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தான். உள்ளே, பஞ்சிற் பொதிந்தபடி சின்னஞ்சிறு மனிதர் நாற்பது பேர் வரையில் இருந்தனர். ஒவ்வொருவரும் பெருவிரலின் மேற்கணுவளவே உயரம். கணக்காகச் சொன்னால் 28 மில்லிமீற்றர். பாதிப் பேர் முழு உடுப்போடு துலங்கினர். மற்றவர்கள் வெறும் உலோகமாக, வண்ணம் பெறும் முறைக்குக் காத்திருந்தனர்.

ஒரு கிழமையாக அவன் திண்ணையை விட்டு இறங்கவில்லை. நாமும் பாடசாலை விடுமுறையிலிருந்தபடியால் பக்கத்திலிருந்து அவ்வேலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதலில் வண்ணம் பற்றிக்கொள்வதற்காகச் சாம்பல் நிறத்தில் ஒரு முதற்பூச்சு. அது காய்ந்தபின் மேற்சட்டைக்குச் சிவப்பு, காற்சட்டைக்கு வெள்ளை, தோல்வாருக்குக் கறுப்பு. அதன்மேல் நீர்போலக் கரைத்த கபில நிறத்தை ஓடவிட்டால், அது துணி மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் தானே இறங்கி நிழலாகத் தங்கிவிடுகிறது. பின்னர், வண்ணத்தைத் துணியில் ஒற்றித் துடைத்த உலர்தூரிகையால் மேடான இடங்களை மெல்லத் தடவுகிறான். முழங்கையிலும் தொப்பி விளிம்பிலும் வெயில் விழுந்தாற்போல ஒளி தோன்றுகிறது. எமது கோயில்களில் விக்கிரகத்துக்குக் கண் திறப்பதே கடைசி வேலை. இவனோ கண்ணை முதலில் எழுதினான். பிழைத்துப்போனால் முகத்தைத் திரும்பப் பூசிவிடலாம் என்பது அவன் நியாயம். அவன் கையிலிருந்த பொறுமையை எமது வகுப்பறைகளில் நாம் அடிக்கடி கண்டதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூசி முடித்த படைகளை வைத்து மேற்கு நாடுகளில் விளையாடுகிறார்கள். மேசையிற் பச்சைத் துணி விரித்து, அட்டையாற் செய்த குன்றுகளையும் வீடுகளையும் வேலிகளையும் அதன்மேல் அமைத்து, அளவுநாடாவால் அளந்து படையை நகர்த்துவது முறை. சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். பட்டவனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை அவன் மீண்டும் எழுந்து நிற்பான்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சிறுவனின் அப்பம்மா, எமக்குப் பெரியம்மா, தூணிற் சாய்ந்திருந்து அவன் பரப்பியிருந்த களத்தை நெடுநேரம் பார்த்தார்.

“உதெல்லாம் வடிவாத்தான் கிடக்கு, மோனை. வீடும் வைச்சிருக்கிறாய், வேலியும் வைச்சிருக்கிறாய். உதுக்குள்ளை இருந்த சனம் எங்கை?”

“சனம் இல்லை அப்பம்மா. இது கேம்தானே.”

பெரியம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. 1990ஆம் ஆண்டு ஆவணியில் இராணுவம் தீவகத்திற் கரையிறங்கியபோது, அடுப்பில் உலையை வைத்தபடி விட்டுவிட்டு அதே வீட்டிலிருந்து வெளியேறியவர் அவர். பையன் தூரிகையைக் கழுவினான். அக்கேள்வி மட்டும் எம்மை விட்டுப் போகவில்லை. மேசைமேற் படை நடத்தும் இவ்வழக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படிக்கப் படிக்க, அவ்வரலாறு சுற்றிவளைத்து எமது திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

போரை விளையாட்டாக்குவது ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமையன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையையே கட்டங்களில் நிறுத்தி அதற்குச் சதுரங்கம் எனப் பெயரிட்டது இந்திய மண். ஆனால் சதுரங்கத்தில் மலையில்லை, ஆறில்லை, ஊரில்லை. அது எந்த நாட்டின் நிலமும் அன்று. உண்மையான நிலத்தை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு.

16ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் ஒல்லாந்து ஸ்பானிய முடியாட்சிக்கு எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்தது. அது ஒரு விடுதலைப் போர் என்பதை மறக்கலாகாது. அப்போரின் தளபதியான நாசோ குலத்து மொறிசுக்கு அவன் சிற்றப்பன் மகன் வில்லியம் லூயி 1594 டிசெம்பர் 8ஆம் நாள் ஒரு கடிதம் எழுதினான். பழைய நூல்கள் கூறும் உரோமர் அணிநடையைத் துப்பாக்கிப் படைக்குப் பொருத்தலாம் என்பதே அதன் சாரம். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னே சென்று மருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் அடுத்த வரிசை சுட வேண்டும். இவ்வாறு வெடி ஓயாமற் பொழியும். வீரர்களை வெறும் குறிகளாக்கி, வரிசை வரிசையாகத் தாளில் வரைந்தும் காட்டினான். இவர்கள் ஈயப் பொம்மைகளை மேசையில் அடுக்கி இந்நகர்வுகளைப் பரிசோதித்தனர் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். 1607இல் ஜேக்கப் டி கெயின் என்ற ஓவியன், துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்குவது முதல் சுட்டு முடிப்பது வரையான ஒவ்வோர் அசைவையும் தனித்தனிச் செப்புப் படமாக்கி நூலாக வெளியிட்டான். பொம்மையைப் பார்த்து மனிதன் அசையக் கற்றுக்கொண்ட காலம் அது. சிப்பாயைப் போலப் பொம்மை செய்யப்பட்டது என்று நாம் எண்ணுகிறோம். பொம்மையைப் போலச் சிப்பாய் செய்யப்பட்ட கதை அதற்கு முந்தியது போலும்.

இந்தப் புதிய போர்க்கல்வியின் அறிவு மையமாக விளங்கியது லெய்டன் பல்கலைக்கழகம். மொறிஸ் பயின்றதும், உரோமர் படைமுறை பற்றி எழுதிய லிப்சியஸ் என்ற பேராசிரியர் கற்பித்ததும் அங்கேதான். லெய்டன் என்ற பெயரைக் கண்டதும் தீவகத்து வாசகர் சிலர் நிமிர்ந்திருப்பர். ஆம், எமது வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் அது. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். ஊர்மக்கள் வாயில் இவற்றுள் ஒன்றேனும் நிலைக்கவில்லை. ஆங்கில வரைபடங்களில் நெடுந்தீவு மட்டும் இன்றும் ஒல்லாந்துப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அட்டை வீட்டின் அடியிற் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுபோல, வாழும் ஊர்களுக்குப் பெயர் ஒட்டியிருக்கிறார்கள். இலங்கை முழுவதுமே அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையிறைச்சியின் வடிவமாகத் தெரிந்ததாம். அதன் குதிக்கால் இருக்கும் இடம் என்று ஊர்காவற்றுறைக் கடலிலுள்ள கோட்டைக்கு ஹமன்ஹீல் எனப் பெயரிட்டனர். உண்பவன் இட்ட பெயர் அது.

அக்கோட்டையைக் கட்டியவர் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியபின் பாக்குநீரிணையிலிருந்து உள்ளே வரும் மரக்கலங்களைக் காவல்செய்ய அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. 1658இல் வான் கூன்ஸ் என்பவன் தலைமையில் ஒல்லாந்துக் கொம்பனிப் படை வந்தது. அப்படையோடு மதகுருவாக வந்தவர் பால்டேயஸ். அவர் பிறந்த ஊர் உண்மையான டெல்ஃப்ற். தமிழும் கற்க முயன்றவர். 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான அவரது பெருநூல் அப்போரின் சாட்சியம். கடற்கோட்டை எவ்வாறு வீழ்ந்தது? லெய்டனிற் பிறந்த அணிநடையால் அன்று; வரிசை வரிசையாகச் சுட்டதாலும் அன்று. பீரங்கிக் குண்டுகளால் உள்ளிருந்த நீர்த்தொட்டி உடைந்துபோயிற்று. நாற்புறமும் கடல் சூழ்ந்திருக்க, குடிக்க ஒரு மிடறு நீரின்றிக் காவலர் சரணடைந்தனர். நல்ல தண்ணீர்க் குடத்துக்காக மைல்கணக்கில் நடந்த தீவகத்துப் பெண்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எமது பையனின் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். குதிரை எத்தனை அங்குலம் ஓடலாம், பீரங்கி எத்தனை அங்குலம் எறியலாம் என்றெல்லாம் இருக்கிறது. தாகத்துக்கு விதி இல்லை.

அதே ஆண்டு ஆனியில், மூன்று மாதத்துக்கு மேலான முற்றுகையின் பின் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1619, 1658 என்ற இரு ஆண்டுகளையும் எமது மாணவர் மனப்பாடமாக ஒப்புவிப்பர். பரீட்சைக்கு அது போதும். கோட்டைக்குரிய முருகைக்கல்லைக் கடலடியிலிருந்து அரிந்தவர் யார், தலையிற் சுமந்தவர் யார் என்று வினாத்தாளில் எவரும் கேட்பதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்ற பெயரிற் கூலியில்லாக் கட்டாய வேலை சட்டமாகவே இருந்தது. அவர்கள் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கென ஒரு பகுதி உண்டு. அந்த அடிமைகளை உடையவர்களாயிருந்தோர் கடல்கடந்து வந்தவர் மட்டுமல்லர். எமது ஊர்களின் நிலவுடைமையாளரும்தாம். அந்நியன் கோட்டை கட்டினான் என்று சொல்லி நாம் கையைக் கழுவிவிட முடியாது. சுமந்தவனின் தோளில் இருந்த தழும்பில் இரு கைகளின் அடையாளமும் உண்டு.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மட்டக்குதிரைகளைக் காணாமல் திரும்புவதில்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்ட இனம். ஒல்லாந்தர் தீவையே குதிரைப் பண்ணையாக்கிப் படைத்தேவைக்கும் விற்பனைக்குமாக வளர்த்தனர். அவர்களது இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆண்டானும் போய், சவாரி செய்தவனும் போய், ஆட்டம் முடிந்தபின் எடுத்துவைக்க ஆளின்றி மேசையில் விடப்பட்ட காய்களைப் போல அக்குதிரைகள் மட்டும் வெளியில் மேய்கின்றன. கோடை முற்றினால் அவையும் தண்ணீரின்றி மடிகின்றன.

1795 செப்டெம்பர் 28ஆம் நாள் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். வந்திறங்கிய ஆங்கிலப் படையிற் பெருந்தொகையானோர் சென்னை மாகாணச் சிப்பாய்கள். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோருமான ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள் பிரித்தானியக் கொம்பனியின் சிவப்புச் சட்டை அணிந்து, ஒல்லாந்தக் கொம்பனியிடமிருந்து தமிழ் ஊரைக் கைப்பற்றினர். இதற்குள் இருக்கும் அவலத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்தச் சிவப்புச் சட்டையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் பொம்மைக்கு வண்ணம் பூசுவோர் உடுப்பு விடயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். இன்ன படைப்பிரிவுக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் மஞ்சளா, பச்சையா என்று எமது பையன் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிட்டான். அவனிடம் அதற்கென வண்ணப்படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றும் இருந்தது. நாம் அவனுக்கு வேலூரைப் பற்றிச் சொன்னோம். 1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படைத் தலைமை ஓர் உடுப்பு ஆணை பிறப்பித்தது. சிப்பாய்கள் நெற்றியிற் சமயச் சின்னம் இடலாகாது. காதிற் கடுக்கன் அணியலாகாது. தாடியை மழிக்க வேண்டும். தோலாற் செய்த சின்னம் பொருந்திய புதிய வட்டத் தலைப்பாகையை அணிய வேண்டும். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே நெஞ்சைச் சுட்ட ஆணை அது. மறுத்தவர்களுக்குக் கசையடி. குறைந்த சம்பளமும் அவமதிப்பும் முன்னமே மூட்டியிருந்த தீயில் அது எண்ணெய் வார்த்தது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தனர். அன்று பகலுக்குள் ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அவ்வெழுச்சியை அடக்கியது. நூற்றுக்கு மேற்பட்ட பிரித்தானியரும் சில நூறு சிப்பாய்களும் மாண்டனர்.

“அப்ப தொப்பியின்ரை வடிவம் சரியாய் வரவேணும், சித்தப்பா,” என்றான் பையன். அவன் சொன்னதிற் பிழையில்லை. ஆனால் அத்தொப்பிக்காக அடிவாங்கியவனின் முதுகை எந்தப் பொம்மையிலும் வார்ப்பதில்லை.

சிப்பாய்கள் பொம்மையானதும் அக்காலத்திலேதான். வங்காளத்து முர்சிதாபாத்திலும் பேராம்பூரிலும் யானைத்தந்தம் செதுக்குவோர் ஆங்கிலத் துரைமாருக்காகச் சதுரங்கக் காய்கள் செய்தனர். ஒரு பக்கம் கொம்பனிப் படை. மறுபக்கம் இந்திய அரசர் படை. கொம்பனிப் பக்கத்துக் காலாள்களும் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய இந்தியச் சிப்பாய்களே. எந்தப் பக்கம் வென்றாலும் முதலில் வெட்டுண்பவன் யார் என்பதைத் தந்தம் செதுக்கியவன் அறிந்திருந்தான்.

ஐரோப்பாவில் இப்பொம்மைகளை மலியச் செய்த ஊர் ஜேர்மனியின் நூரன்பேர்க். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பேட் என்ற குடும்பத்தினர் கற்பலகையிற் செதுக்கிய அச்சில் வெள்ளீயத்தை வார்த்துத் தட்டையான வீரர்களைச் செய்தனர். அவற்றுக்கு வண்ணம் பூசியவர் யார்? ஏழைப் பெண்களும் பிள்ளைகளும், தத்தம் வீட்டு மேசையில் இருந்தபடி, இத்தனைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு. ஒருத்தி சிவப்பு மட்டும், இன்னொருத்தி நீலம் மட்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை கையில் வெற்றிவாகை சூடி நின்ற தளபதியின் கன்னச் சிவப்பு, பள்ளிக்கூடம் காணாத இன்னொரு பிள்ளையின் கைவேலை. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் தொழிற்சாலை புதிய முறையொன்றைக் கண்டது. உருகிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் உள்ளதை வெளியே கொட்டிவிடுவது. பொம்மை உள்ளே வெறுமையாயிருக்கும்; ஈயம் மிச்சம்; விலை மலிவு. ஜேர்மன் சரக்கை அது சந்தையிலிருந்து தள்ளியது. அங்கேயும் தூரிகை பிடித்தவர் பெண்களே. ஈயம் நச்சு என்ற காரணத்தால் 1966இல் அவ்வார்ப்பு நின்றது. வாங்கி விளையாடும் பிள்ளையின் நலன் கருதிச் சட்டம் வந்தது. அதற்கு முன் எழுபது ஆண்டுகள் அதை வார்த்தும் பூசியும் வந்தவர்களின் நலனைக் கருதியவர் யார்? எமது பையனும் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமுடையவன். இப்போதைய உலோகத்தில் ஈயம் இல்லை, வண்ணமும் நீர்வண்ணந்தான் என்றான். ஆயினும் அதை நிறுத்தும்படி சொன்னோம்.

பிரிட்டன் தொழிற்சாலையின் பட்டியலைப் பார்த்தால் ஏகாதிபத்தியத்தின் பேரேட்டைப் புரட்டுவது போலிருக்கும். சூலு வீரர், வங்காளக் குதிரைப்படை, பிகானீர் ஒட்டகப்படை என்று பிடிக்கப்பட்ட நாடுகளெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டன. வின்ஸ்ரன் சேர்ச்சில் 1930இல் வெளியிட்ட தமது இளமை வரலாற்றில், சிறுவயதில் 1,500 அளவான பொம்மைச் சிப்பாய்கள் தம்மிடம் இருந்ததைப் பெருமையோடு கூறுகிறார். அனைவரும் பிரித்தானியர். எதிரிப்படை தம்பியினுடையது. அண்ணனும் தம்பியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனராம்: தம்பி நிறத்தவரான வீரர்களை மட்டுமே வைத்திருக்கலாம், அவர்களுக்குப் பீரங்கி கூடாது. நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். எந்தத் தோலுக்கு எந்த வண்ணம் என்பதோடு எந்த வண்ணத்துக்குப் பீரங்கி என்பதும் அந்தப் பிள்ளைமேசையிலேயே முடிவாகிவிட்டது. அந்தப் பிள்ளை வளர்ந்து பிரதமராயிருந்த 1943இல் வங்காளத்திற் பஞ்சத்தால் மாண்டவர் தொகை 20 முதல் 30 இலட்சம் வரை என்பர்.

வளர்ந்தவர்கள் மேசைக்கு வந்த கதை இதனினும் பெரிது. 1812இல் றைஸ்விற்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தமது அரசனுக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். அதன் இழுப்பறைகளில் மலை, ஆறு, ஊர் என்று நிலத்துண்டங்கள். வேண்டியபடி இணைத்துக் களம் அமைக்கலாம். 1824இல் அவர் மகன் அதை வரைபடத்தின்மேல் ஆடும் முறையாக்கினார். சிவப்பும் நீலமும் பூசிய சிறு உலோகக் கட்டைகளே படைகள். ஒரு நடுவர், பகடை, துப்பாக்கிச் சூட்டுப் பரிசோதனைகளிலிருந்து வகுத்த அட்டவணைகள். தலைமைத் தளபதி முப்லிங் அதைப் பார்த்து மகிழ்ந்து படைப்பிரிவுகளுக்கெல்லாம் அனுப்பச் செய்தார். 1870-71இல் பிரான்சைப் பிரஷ்யா வென்றதும் உலகத்துப் படைகளெல்லாம் இவ்வாட்டத்தைக் கடன்வாங்கின. பொம்மைக்கு முகம் உண்டு. கட்டைக்கு முகமும் இல்லை. ஆயிரம் பேரைக் குறிக்கும் ஒரு நீலக்கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போடுகிறவன் கை நடுங்குவதில்லை.

பகடை உண்மையைச் சொன்னாலும் கேட்பாரில்லை. 1942 மே மாதத்தில் ஜப்பானியக் கடற்படை மிட்வேத் தாக்குதலை மேசையில் ஒத்திகை பார்த்தது. அமெரிக்க விமானங்கள் இரு விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்தன என்று பகடை கூறியபோது, நடுவராயிருந்த தளபதி அம்முடிவைக் குறைத்து மாற்றினார் என்று அக்கடற்படையின் அதிகாரிகளே பின்னர் எழுதினர். அடுத்த மாதம் உண்மைக் கடலில் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. அவற்றை எடுத்து மீண்டும் மேசையில் வைக்க எந்த நடுவராலும் முடியவில்லை.

இவ்விளையாட்டைப் படைத்துறையிடமிருந்து பறித்துப் பொதுமக்களுக்குக் கொடுத்தவர் எச். ஜி. வெல்ஸ். தம்மைச் சமதர்மவாதி என்று கூறிக்கொண்ட பேரெழுத்தாளர். மரக்குச்சி எறியும் பிரிட்டன் கம்பனியின் பொம்மைப் பீரங்கியைக் கண்டு மயங்கி, நண்பர்களோடு தரையில் ஊர்ந்து ஊர்ந்து விதிகளை வகுத்து, 1913இல் சிறிய போர்கள் என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார். இன்றைய ஆட்டங்களுக்கு அதுவே மூலம். நூலின் முடிவில் அவர் கூறுவது கவனத்துக்குரியது: உண்மைப் போர் மடமையும் நாசமும் நிறைந்தது; போர்வெறியரை எல்லாம் ஓர் அறையில் அடைத்து இந்தப் பொம்மைகளோடு விளையாடவிட்டு, மற்றவர்கள் உலகத்தைச் சீர்செய்யலாம் என்கிறார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் மறு ஆண்டு பெரும்போர் மூண்டபோது அதே வெல்ஸ், இது போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் என்று எழுதி அதற்கு ஆதரவு தேடினார். மேசையிற் போரின் மடமையைக் கண்டவரின் கண், களத்தில் அதைக் காணத் தவறியது. அக்காலத்து இடதுசாரி அறிஞர் பலருக்கும் நேர்ந்த சறுக்கல் இது. வெல்சை மட்டும் பழிப்பது நியாயமாகாது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1959இலிருந்து மலிவான பிளாஸ்ரிக் சிப்பாய்கள் வந்தன. 1962இல், உலகப்போரிற் தாங்கிப்படையிற் பணிசெய்த டொனால்ட் பெதர்ஸ்ரன் எழுதிய கைந்நூல் இவ்விளையாட்டை நாடெங்கும் பரப்பியது. 1983 முதல் பூதங்களும் விண்வெளிப் போராளிகளும் கொண்ட புதிய ஆட்டங்கள் இங்கிலாந்தின் நொட்டிங்காமிலிருந்து உலகெங்கும் பரவி, பெருவணிகமாயின. ஒரு சிறு பெட்டியின் விலை எமது மாணவர் வீடுகளிற் பல நாட் சம்பளம்.

நாம் இப்பொழுதுபோக்கைப் பழிக்கவில்லை. கையையும் கண்ணையும் அது பயிற்றுகிறது. எமது பையனுக்கு வேலூர் என்ற பெயரைக் கேட்கக் காது திறந்திருந்ததும் அதனாலேதான். பள்ளிப் புத்தகம் ஊட்டாத ஆர்வத்தை ஒரு தொப்பியின் வடிவம் ஊட்டியது. எமது முறைப்பாடு வேறு. நானூறு ஆண்டுகளாக அம்மேசை ஒழுங்காகத் துடைக்கப்பட்டே வந்திருக்கிறது. வீடு உண்டு, வேலி உண்டு, பாலம் உண்டு. அவற்றின் பெறுமதி, எந்தச் சிப்பாய் எதன் பின்னால் மறைந்துகொள்ளலாம் என்பது மட்டுமே. இது விளையாட்டின் குறை மட்டுமன்று. உண்மைப் படைகளின் மணற்றட்டும் அவ்வாறே.

தீவகம் அத்தட்டுகளில் எத்தனை முறை கிடந்திருக்கும்! 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அதில் அடங்குவர். அவர்கள் எந்தப் பக்கத்துக் காயும் அல்லர். 1990இல் தீவகம் இராணுவத்தின் கைக்கு வந்தது, ஊர்கள் வெறுமையாயின. நாம் பிறந்தது அதற்கு மறு ஆண்டு, குடாநாட்டில் ஓர் இரவல் வீட்டில். 1992 ஓகஸ்ட் 8ஆம் நாள், குடாநாட்டை நோக்கிய படையெடுப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த தளபதி டென்சில் கொப்பேகடுவவும் உடன் வந்த உயர் அதிகாரிகளும் ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறையிற் கண்ணிவெடியில் மாண்டனர். மேசையிற் கட்டையை நகர்த்துவோர் களத்தில் தாமும் கட்டையாவதுண்டு. பள்ளிச் சிறுவரையும் படையிற் சேர்த்துக்கொண்ட இயக்கத்துக்கும் இக்கணக்கிற் பங்குண்டு. எமக்கு மூத்த வகுப்புகளிற் படித்த சில பிள்ளைகள், எமது பையனின் வயதில், வண்ணம் பூசிய துப்பாக்கியை அன்று, உண்மைத் துப்பாக்கியையே தூக்கினர். அவர்களை எவரும் பெட்டியிலிருந்து திரும்ப எடுக்கவில்லை.

ஹமன்ஹீல் இப்போது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. பையன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவனை ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று காட்டினோம். காரைநகருக்குப் போகும் பாதை வந்து ஒதுங்கும் இடத்தில் நின்று அவன் கோட்டையை நெடுநேரம் பார்த்தான்.

“உதை ஆர் பிடிச்சது, சித்தப்பா?”

“ஒல்லாந்தர்.”

“எப்பிடி?”

நீர்த்தொட்டி உடைந்த கதையைச் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

இலண்டனுக்குத் திரும்புவதற்கு முதல்நாள் மாலை அவன் திண்ணையில் வேறு வேலையாக இருந்தான். சிப்பாய்கள் பெட்டிக்குள் போய்விட்டனர். இரு கூறாகக் கலந்து பிசையும் பசையில் வட்டமாக ஒரு கிணற்றுக் கட்டு. தென்னை ஈர்க்கில் ஒரு துலா. நூலிற் கட்டிய கொடி. கட்டை முருகைக்கல் நிறத்துக்குக் கொண்டுவர வெள்ளையோடு மஞ்சளைக் கலந்து கலந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பம்மா, முந்தி வீட்டுக்கும் கிணத்துக்கும் எத்தினை அடி இருக்கும்?”

பெரியம்மா வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

“எந்தக் கிணத்தைக் கேக்கிறாய், ராசா? குளிக்கிற உவர்க் கிணத்தையோ, நல்ல தண்ணிக் கிணத்தையோ?”